முக்குளிப்போர் குறிப்பேடு

கடலுக்கடியிலே எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிஷம் தங்கினோம் என்பதைக் குறித்துவைக்கும் வழக்கம் பெருமைக்காக ஏற்பட்டதன்று. பிராணனைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஏற்பட்டது. பத்து மீட்டருக்கு ஒரு வாயுமண்டல அளவாக அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் நீரில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் மெல்ல மெல்லக் கரைகிறது; அவசரப்பட்டு மேலே வருபவனுடைய உடலில் அது குமிழிகளாகப் பொங்கி, மூட்டுகளை வதைத்து, சில சமயம் உயிரையே மாய்த்துவிடும்.

இதற்குப் பரிகாரம் தேடிய பிரிட்டிஷ் கடற்படைக்காக, ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துப் பரிசோதித்து, எந்த ஆழத்திலிருந்து வருபவன் எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று ஏறவேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை வகுத்து, தம் சகாக்களுடன் 1908இல் விஞ்ஞான சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். 1943இல் பிரான்ஸிலே ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் அக்வா-லங் சுவாசக் கருவியை உருவாக்கிய பிறகு, உல்லாசமாகக் கடலில் இறங்குவோர் பெருகினர். காலையில் உடம்பில் தங்கிய நைட்ரஜன் பிற்பகல் முக்குளிப்பின் கணக்கிலும் சேருமாதலால், ஆழத்தையும் நேரத்தையும் நடுவில் கழிந்த இடைவேளையையும் ஏட்டில் எழுதிவைப்பது அவர்களுக்கு நியதியாயிற்று.

எண்பதுகளில் டைவ் கம்ப்யூட்டர் புழக்கத்துக்கு வந்தது. உடலைப் பதினாறு வகைத் திசுக்களாகப் பாவித்து ஸூரிச் நகரத்து டாக்டர் பூல்மன் வகுத்த கணிதம், காலக்கிரமத்தில் மணிக்கட்டளவு கருவிக்குள் அடங்கிற்று. சில விநாடிகளுக்கொரு முறை ஆழத்தையும் உஷ்ணத்தையும் பதியும் அக்கருவி, மனிதக் கையால் இயலாத நுட்பத்தோடு எழுதியது உண்மையே. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறான சங்கேதத்தில் எழுதியபடியால், அவரவர் விற்கும் மென்பொருளின்றி அதைப் படிக்க வழியில்லாமல் போயிற்று. தன் அனுபவத்தின் கணக்கே ஒருவனுக்கு அந்நியமாயிற்று.

2011இல் லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலின் சர்வர்களுக்குள் யாரோ அத்துமீறிப் புகுந்ததால் அவை மூடப்பட, வேலை தடைப்பட்ட அவகாசத்தில், அதன் கர்த்தாவும் முக்குளிப்பில் பிரியமுடையவருமான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸில் உருப்படியான குறிப்பேடு இல்லையே என்ற குறையைத் தாமே தீர்க்க முனைந்தார்; ‘சப்சர்ஃபேஸ்’ என்னும் மென்பொருள் பிறந்தது. பற்பல கருவிகளின் சங்கேதங்களைப் படிக்கவல்ல ‘லிப்டைவ்கம்ப்யூட்டர்’ என்னும் நிரல்தொகுப்பை யெஃப் டிரீசன் என்பவர் ஏற்கெனவே எழுதிப் பொதுவில் வைத்திருந்தது அதற்கு அஸ்திவாரமாயிற்று. பின்னர் டிர்க் ஹோண்டல் பராமரிப்புப் பொறுப்பை ஏற்க, விண்டோஸிலும் மேக்கிலும் கைபேசியிலும் அது பரவிற்று.

அதில் ஒரு முக்குளிப்பைத் திறந்தால், ஆழத்தைக் காட்டும் கோடு சரிந்து இறங்கி, அடித்தரையின் மேடு பள்ளங்களுக்கேற்ப அலைந்து, ஏறும் வழியில் ஐந்து மீட்டரளவில் மூன்று நிமிஷம் படுக்கையாக நீண்டு, பிறகு நீர்மட்டத்தைத் தொடும். இடையில் எங்கேனும் வேகம் மிஞ்சியிருந்தால் அவ்விடம் பச்சை மாறிச் சிவந்து காட்டிக்கொடுக்கும்.

ஹால்டேன் தம் அட்டவணையைக் கடற்படைக்குள் பூட்டிவைக்கவில்லை. பூல்மனும் தம் கணிதத்தை 1983இல் நூலாகவே வெளியிட்டார். உயிரைப் பற்றிய கணக்கு எவரும் சோதிக்கத்தக்கதாய்ப் பகிரங்கமாக இருக்கவேண்டும் என்ற அந்தச் சம்பிரதாயத்தை, இடையில் வியாபாரம் மறந்திருந்த காலத்தில், மூலநிரலை யாவர்க்கும் திறந்துவைத்து மீட்டது சப்சர்ஃபேஸ். பதிவுகளையும் அது சாதாரண எழுத்துக்கோப்பாகவே சேமிக்கிறது. நாளை அந்த மென்பொருளே மறைந்தாலும், எழுதியவன் தன் கணக்கைத் தானே திறந்து படித்துக்கொள்ளலாம்.