மின் இசையும் ஞாபகமும்

இசையை ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? பாடுகிறவனின் தொண்டையா, ஏட்டில் எழுதிய ஸ்வரமா? இந்தப் பழைய கேள்வி மின் இசை வந்தபின் வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. மாடுலர் ஸிந்தஸைஸர் அதற்கு ஒரு பதிலைத் தருகிறது. டிராக்கர் தருவது நேர் எதிரான பதில்.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாடுலர் பிறந்தது. நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக் 1964-ல், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து தன் முதல் மாதிரியைச் செய்தார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் மார்ட்டன் ஸபாட்னிக், ரமோன் ஸெண்டர் இருவரும் கேட்டுக்கொண்டதன் பேரில் டான் புக்லா தன் கருவியைக் கட்டினார். தத்துவம் ஒன்றுதான். ஒலியை எழுப்ப ஒரு பெட்டி, வடிகட்ட ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று. ஒன்றை ஒன்று ஆள்வது மின்னழுத்தம். பெட்டிகளைக் கம்பிகளால் எப்படி இணைக்கிறோமோ, அந்த இணைப்பே அன்றைய கருவி.

மூக்கின் கருவியில் பியானோக் கட்டைகள் இருந்தன. புக்லா அவற்றை விலக்கித் தொடுதகடுகளை வைத்தார். கட்டை இருந்தால் கை தனக்குத் தெரிந்த பழைய இசையைத்தான் தேடும். வெண்டி கார்லோஸ் 1968-ல் மூக்கில் பாஹை வாசித்துப் புகழ் பெற்றதும், ஸபாட்னிக் 1967-ல் புக்லாவில் 'ஸில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்' என்ற முன்மாதிரியற்ற படைப்பைச் செய்ததும் தற்செயலல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் சமம். கம்பிகளைப் பிடுங்கிவிட்டால் கருவிக்கு எதுவும் நினைவில்லை. மிஞ்சுவது ஒலிநாடா மட்டும்.

இதன் விலையை அறிய அகமதாபாத்துக்குப் போகவேண்டும். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் டேவிட் ட்யூடர் ஒரு மூக் கருவியை நிறுவினார். கீதா ஸாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே இசை செய்தார்கள். பிறகு நீண்ட மௌனம். பல ஆண்டுகள் கழித்து பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் நாடாக்களைக் கண்டெடுத்தார். 2023-ல் அவை இசைத்தட்டாக வந்தன. இப்போது நாம் கேட்கலாம். ஆனால் கேட்பது முடிவை மட்டுமே. எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்பதை நாடா சொல்லாது.

1987-ல் ஜெர்மனியில் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக 'அல்டிமேட் ஸவுண்ட்டிராக்கர்' என்ற நிரலை எழுதினார். நான்கு பத்திகள், பக்கத்துக்கு 64 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஸ்வரத்தின் பெயர், ஒலித்துணுக்கின் எண், அதை என்ன செய்யவேண்டும் என்ற குறி. இசை மேலிருந்து கீழே ஓடுகிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில் பழைய பேரேடுகள் ஓர் அறையில் அடுக்கிக் கிடக்கின்றன. டிராக்கர் திரையை முதலில் பார்த்தபோது அவைதான் ஞாபகம் வந்தன. வறண்ட பக்கம், ஆனால் எவனும் திறந்து சரிபார்க்கலாம்.

டிராக்கரின் கோப்பில் ஒலித்துணுக்குகளும் வரிகளும் சேர்ந்தே இருக்கின்றன. பாட்டைக் கேட்டவன் அதைப் பிரித்துப் பார்த்துவிட முடியும். ஒபார்ஸ்கியின் நிரல் வியாபாரத்தில் தோற்றது. பிறர் அதையும் பிரித்து, திருத்தி, 1989-ல் நாய்ஸ்டிராக்கர், 1990-ல் புரோடிராக்கர் என்று வளர்த்தார்கள். ஐரோப்பிய இளைஞர்கள் அடுத்தவன் கோப்பைத் திறந்தே இசை கற்றார்கள். துணுக்குகளை வெட்கமின்றி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. மரபு என்பது இப்படியும் உருவாகிறது.

இன்று சிலர் இரண்டையும் இணைக்கிறார்கள். டிராக்கர் செயலியில் எழுதிய எண்கள் மின்னழுத்தமாக மாறி மாடுலருக்குப் போகின்றன. ஸ்வர வரிசை எழுத்தில் நிற்கிறது. நாதத்தின் குணம் கம்பிகளோடு போய்விடுகிறது. நமது சங்கீதத்தில் ஸ்வரப்படுத்திய ஏட்டுக்கும் பாடும் குரலுக்கும் உள்ள உறவு இதற்கு வெகுதூரமில்லை. எழுதியதே இசையென்று யாரும் சாதிக்கமாட்டார்கள். ஆனால் எழுதாதது, கற்றுக்கொடுக்க ஒருவர் இல்லாதபோது, அவரோடு முடிந்துவிடுகிறது. அகமதாபாத்தில் கருவி இருந்தது, கலைஞர்கள் இருந்தார்கள். அடுத்தவன் திறந்து பார்க்க ஒரு பக்கம் இல்லை.