வக்ஸும் நல்ல தண்ணியும்: மன்னார்க் கார்களின் கதை

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. கிட்டத்தட்ட ஐந்து வருசம், வீட்டில் நிற்கிற காரையே காப்பாற்ற வேண்டிய நிலை. விலைகூடிய சம்போவும் வக்ஸும் வாங்கி முற்றத்தில் வைத்துப் போட்டுப் பார்ப்பதை வெறும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது.

வடக்குக்கு இது புதுசும் இல்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய கார் எங்கட ஆக்களுக்குச் சேகரிப்புப் பொருள் இல்லை. வேறு வழியில்லாமல் காப்பாற்றின சாமான்.

உயர்ரக வக்ஸில் பேர்போனது கார்னோபா. பிறேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும், எங்கட பனைக்கு உறவான ஒரு மரத்தின் ஓலையில் படிகிற மெழுகு அது. ஓலையின் ஈரம் வெயிலில் போகாமல் காக்கத்தான் மரம் அதைச் சுரக்கிறது.

மன்னாரில் வெயிலோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். கடற்காற்றில் வந்து படிகிற உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் இரும்பு கெதியாகத் துருப்பிடிக்கும். வக்ஸ் பூசினால் மேல் பெயின்ற் தப்பும். காரின் அடிப்பக்கத்துக்கு அது போய்ச் சேராது. அங்கே உப்பைக் கழுவத்தான் வேணும். தீவின் பல கிணறுகளில் இருப்பதோ சவர்த்தண்ணி. அதால கழுவிக் காயவிட்டால் உப்பைத் திரும்பப் பூசினது போலத்தான்.

குடிக்கிற நல்ல தண்ணியைத்தான் காருக்கும் ஊற்ற வேண்டியிருக்கு. அப்ப பெற்றோலைத் துளித்துளியாக எண்ணினார்கள். இப்ப வக்ஸ் பேணியின் விலையைப் பார்க்கிற நாங்கள், வாளிகளை எண்ணுகிறோமா?