வீட்டுக்குள் கடும்பயிற்சி: புதுச்சேரி நகரின் உடல் பருத்த தொடக்கநிலையாளர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினரின் உடல் நிறைக் குறியீடு 25 அல்லது அதற்கு மேல். புதுச்சேரியில் அந்த விகிதம் 40-ஐயும் தாண்டுகிறது. ஆண்களின் நிலையும் பெருமைப்படத் தக்கதன்று.

நடப்பதற்கு இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கடற்கரைச் சாலை மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. 1826-இல் உருவான தாவரவியல் பூங்காவும் இருக்கிறது. ஆனாலும் 90 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கடற்கரையில் முதல் தடை மூட்டு வலி அன்று, பார்க்கிறவர்களின் கண். அதனால் அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செல்பேசிக் காணொளியைப் போடுகிறார். எடுத்த எடுப்பிலேயே ஜம்பிங் ஜாக், அடுத்து, தரையில் கையூன்றி எழுந்து குதிக்கும் பர்பி. வெகு சீக்கிரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இதைச் சோம்பல் என்று வீட்டார் சொல்வது அநியாயம். கடுமையாகப் பயிற்சி செய்வதும் குதிப்பதும் ஒன்றே என்று காணொளிகள் பழக்கிவிட்டன. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. கடும்பயிற்சி வந்த வழி

20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று: இன்று வீட்டுப் பயிற்சிகளில் 'தபாட்டா' என்று புழங்கும் இம்முறை, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வைப் பற்றி இரண்டு செய்திகளைக் காணொளிகள் சொல்வதில்லை. பங்கேற்றவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சியில் ஊறிய இளைஞர்கள். அவர்கள் மிதித்தது நிலையாகப் பொருத்திய சைக்கிளை. ஆறு வாரமும் அவர்களின் கால் தரையில் ஒருமுறைகூட மோதவில்லை.

பருத்த உடலுக்குக் கடும்பயிற்சி ஆகாது என்றும் சொல்ல முடியாது. நார்வேயின் டிரான்ஹைம் நகரில் உடல் பருமனும் இரத்த அழுத்தமும் சர்க்கரைக் கோளாறும் சேர்ந்திருந்த நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நான்கு நான்கு நிமிடமாக மூச்சிரைக்கும் வேகத்தில் பயின்றவர்களின் இதய, நுரையீரல் திறன், மிதமாகப் பயின்றவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கூடியது. ஆனால் எடை இரு குழுவிலும் ஒரே அளவில்தான் குறைந்தது. அவர்களுடைய கடுமை சாய்வான நடைப்பொறியின் ஏற்றத்திலிருந்து வந்தது. நம் ஊரில் மேடு என்று சொல்ல ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேடுதான். மற்றவர்களுக்கு வீட்டு மாடிப்படி இருக்கிறது.

3. மூட்டின் கணக்கு

முழங்கால் தேய்மானம் உள்ள பருத்த முதியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது (2005), ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைவது தெரிந்தது. கூடும் எடைக்கும் இதே கணக்குத்தான். நடைக்கே இப்படி என்றால் குதித்து இறங்கும்போது சொல்லவே வேண்டாம், அதுவும் டைல்ஸ் தரையில், வெறுங்காலில். இன்னொன்று: தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசைநாண்களுக்குப் பல மாதம் பிடிக்கும். 'இப்போது நன்றாகச் செய்கிறேனே' என்ற தெம்பு வரும் வேளையில்தான் குதிகாலும் முட்டியும் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

4. உள்ளூர் முன்மாதிரி

அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2 அன்று பள்ளி தொடங்கியது. சில ஆண்டுகளில் உடற்கல்வி அங்கே பெரிய துறையாக வளர்ந்தது. 1949 பிப்ரவரியில் அதற்கென ஒரு காலாண்டிதழே வந்தது. அரவிந்தர் தம் கடைசிக் கட்டுரைகளை எழுதியது அதில்தான். ஆசிரமத்தின் அன்னை எழுபது வயதைக் கடந்தும் டென்னிஸ் ஆடினார். ஆன்மிகம் இங்கே நம் பொருளன்று; பயிற்சியைப் பிரித்த முறைதான். ஆசிரமத்தார் குழுவாகப் பிரிந்து பயின்றார்கள். பிள்ளைக்கு ஒன்று, பெரியவருக்கு வேறொன்று. வீட்டுக் காணொளியில் இந்தப் பிரிவினை கிடையாது. இருபத்தைந்து வயதுக் கட்டுடல்காரருக்கும் ஐம்பது வயது இல்லத்தரசிக்கும் ஒரே பாடம், ஒரே வேகம்.

5. வீட்டுக்கான முறை

மணக்குள விநாயகர் கோயிலில் தோப்புக்கரணம் போடுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: பருத்தவர்கள் பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்வதில்லை. அந்த அரைத் தோப்புக்கரணமே சரியான தொடக்கம். பின்னால் உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் மெல்ல உட்கார்ந்து, கையூன்றாமல் எழ வேண்டும். எளிதானதும் உயரம் குறைந்த முக்காலிக்கு மாறலாம். தண்டாலை முதலில் சுவரில் கை வைத்துச் செய்து, பிறகு சமையலறை மேடைக்கும், கடைசியாகத் தரைக்கும் இறங்கலாம். ஜம்பிங் ஜாக் என்றால் குதிக்காமல் ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் வைத்தால் போதும்; கையை வேகமாக வீசினாலே மூச்சு வாங்கும்.

கடுமையை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வரவில்லை என்றால் கடும்பயிற்சி. முதல் சில வாரம் மிதத்தில் கழியட்டும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் சிறிது நேரம் கடுமைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் 150 நிமிட மிதப் பயிற்சி சேர வேண்டிய இடமே தவிர முதல் வாரத்துக் கட்டாயமன்று. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் காயாது, உடல் சூடு தணியாது. மே மாதத்தில் விடியற்காலையே உகந்தது. மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்த்தால் கொழுப்பு கரையும் என்பது வீண் நம்பிக்கை, போவது நீர்தான்.

பயிற்சி மட்டும் எடையைக் குறைத்துவிடாது. 90 கிலோ எடை உடையவர் 20 நிமிடம் கடுமையாகச் செய்தால் சுமார் 240 கலோரி செலவாகும். மது மலிவென்று பெயரெடுத்த ஊரில், ஒரு பெரிய பாட்டில் பீர் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

6. எச்சரிக்கை

இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சிக்கு நடுவிலேயே சர்க்கரை சரியலாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இயல்பு. நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால், அல்லது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.