மயிலாப்பூர் சீர மாதிரிகள், 1986: ஒரு கண்டுபிடிப்பும் சில ஆய்வகச் சொற்களும்

சீரவியல் என்பது நோயெதிர்ப்பியலின் ஆய்வகக் கிளைகளுள் ஒன்று. இரத்தத்தின் சீரத்தில் எந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்த்து, உடல் எந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று அது கண்டறிகிறது. டைபாய்டுக்கான விடால் சோதனையும் மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். சோதனையும் சென்னை ஆய்வகங்களில் நெடுங்காலமாக நடந்து வந்தவை. ஆனால் ‘எலிசா’, ‘பாசிட்டிவ்’, ‘உறுதிப்படுத்தும் சோதனை’ ஆகிய சொற்கள் தமிழ்நாட்டில் கனம் பெற்றது 1986இல் தான். அதற்குக் காரணம் மயிலாப்பூரில் இருந்த ஓர் அரசுக் காப்பகத்தில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகள்.

மாதிரிகள்

1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் கிருமிக்கான சோதனையை ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி அவருக்குச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். மும்பை, புணே போன்ற நகரங்களில் அதுவரை செய்த சோதனைகளில் யாருக்கும் தொற்று தெரியவில்லை. எய்ட்ஸ் மேலை நாட்டு நோய், இங்கே வராது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. நிர்மலாவுக்கும் முதலில் நம்பிக்கை இல்லை.

சென்னையில் பாலியல் தொழிலுக்கெனத் தனிப் பகுதி கிடையாது. அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்கள் பலரின் படிவத்தில் முகவரி ‘வி ஹோம்’ என்று இருந்தது. விசாரித்தபோது அது மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோம், அதாவது கைது செய்யப்பட்ட பெண்களை வைக்கும் காப்பகம் என்று தெரிந்தது. கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை அவர் சேகரித்தார். கையுறை கூட இல்லாமல் நடந்த வேலை அது.

இரத்தத்தை அப்படியே சோதிப்பதில்லை. உறைய விட்டு, மையவிலக்கியில் சுழற்றினால் செல்களும் உறைகட்டியும் அடியில் தங்கும்; மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதே சீரம். உறையாமல் தடுக்கும் பொருளைச் சேர்த்துப் பிரித்தால் கிடைப்பது பிளாஸ்மா. அதில் உறைதலுக்கான புரதங்கள் இன்னும் இருக்கும். இவை இரண்டையும் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். இதய அறுவை மருத்துவரான சுனிதியின் கணவர் கடனாக வாங்கித் தந்த கருவிகளைக் கொண்டு ஒரு சிறு ஆய்வகம் அமைத்து, இருவரும் சீரத்தைப் பிரித்தனர். சீரத்தை வைக்க வேறு இடம் இல்லாததால் நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். எதிர்ப்பொருள்கள் ஓரளவு உறுதியான புரதங்கள். குளிரில் வைத்தால் சில நாட்களில் சிதைந்து போவதில்லை. இல்லாவிட்டால் இந்த வரலாறே நடந்திருக்காது.

வேலூரில் ஒரு நாள்

எலிசா செய்யும் வசதி அப்போது சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். வைரஸ் துறைத் தலைவர் டி. ஜேக்கப் ஜான், ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இரு இளைஞர்களை உதவிக்கு அமர்த்தினார்.

எலிசா 1971இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் ஆகியோரும், ஏறத்தாழ அதே சமயம் நெதர்லாந்தில் வேறு இருவரும் உருவாக்கிய முறை. எச்ஐவிக்கான எலிசா பெட்டிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், குழியின் சுவரில் கிருமியின் புரதத்தை முன்கூட்டியே ஒட்டியிருப்பார்கள். அதுவே ஆன்டிஜென். சீரத்தை ஊற்றினால், அந்தப் புரதத்துக்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிக் கொட்ட வேண்டும். பிறகு ‘கான்ஜுகேட்’: மனித எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருள், வாலில் ஒரு நொதி கட்டப்பட்டது. மறுபடியும் கழுவல். கடைசியில் ‘சப்ஸ்ட்ரேட்’ என்னும் கரைசல். நொதி அங்கே இருந்தால் நிறம் வரும், இல்லையென்றால் வராது. கழுவல் சரியில்லை என்றால் வேண்டாத நொதி தங்கிப் பொய்யாக நிறம் காட்டும்; எலிசாவில் கைத்திறன் என்று ஒன்று உண்டென்றால் அது பெரும்பாலும் கழுவுவதில்தான்.

காலை எட்டரைக்குத் தொடங்கிய வேலை நடுவில் மின்தடையால் நின்றது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஆறு குழிகள் மஞ்சளாக இருந்தன.

ரியாக்டிவ், பாசிட்டிவ்

மஞ்சள் நிறம் என்ன சொல்லிற்று என்பதில் கவனம் வேண்டும். அது வைரஸைக் காட்டவில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டியது. தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிராது. அந்த இடைவெளிக்குச் சாளர காலம் என்று பெயர். அப்போது சோதித்தால் தொற்று உள்ளவருக்கும் ‘இல்லை’ என்றே வரும்.

எதிர்ப்பிழையும் உண்டு. தொற்று உள்ளவர்களைத் தவறவிடாத திறன் உணர்திறன்; தொற்று இல்லாதவர்களைத் தவறாகப் பிடிக்காத திறன் தனித்தன்மை. தனித்தன்மை 99 சதவீதம் உள்ள ஒரு சோதனையை, தொற்றே இல்லாத ஒரு லட்சம் பேருக்குச் செய்தால் ஆயிரம் பேருக்குப் பொய்யாக நிறம் வரும். முன்பு ஒருவருக்குக் கூடத் தொற்று காணப்படாத நாட்டில் ஆறு மஞ்சள் குழிகளைப் பார்த்தவர்கள் உடனே அறிவிக்காமல் வாய்மூடி இருந்தது அச்சத்தால் மட்டுமல்ல. சீரவியல் கேட்பதே அதைத்தான். அதே சமயம் எண்பது சொச்சத்தில் ஆறு என்பது பிழை என்று ஒதுக்கக்கூடிய எண்ணும் இல்லை.

எனவே மயிலாப்பூருக்குத் திரும்பிப் போய் அந்த ஆறு பெண்களிடமும் புதிதாக இரத்தம் எடுத்தனர். குப்பி மாறிய குழப்பம் இருந்தால் இதில் தெரிந்துவிடும். அம்மாதிரிகளை சிமோஸ் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கே செய்யப்பட்டது வெஸ்டர்ன் பிளாட். இதில் கிருமியின் புரதங்களை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு பட்டையில் பதித்து, அதன்மேல் சீரத்தை விடுவார்கள். எந்தெந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டோ அங்கெல்லாம் கோடு விழும். ஏதோ ஒன்று ஒட்டியது என்று எலிசா சொன்னால், எது எதில் ஒட்டியது என்று இது சொல்லும். (பெயரில் திசை எதுவும் இல்லை. டி.என்.ஏ.வுக்கான முறையைக் கண்டவர் எட்வின் சதர்ன். அவர் பெயர் ‘தெற்கு’ போல ஒலிக்கவே, பின்னால் வந்த முறைக்கு வேடிக்கையாக ‘மேற்கு’ என்று வைத்தார்கள்.) முடிவு உறுதியானது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். சோதனையே தவறு என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தனர்.

இந்த இரண்டு படிகள்தாம் பிற்காலத்தில் வழக்கமாயின. இந்தியாவின் அரசு மையங்களில் முதற்சோதனையில் நிறம் வந்தால் ‘ரியாக்டிவ்’ என்றுதான் குறிப்பார்கள். வெவ்வேறு ஆன்டிஜெனோ வெவ்வேறு முறையோ கொண்ட மூன்று சோதனைகளும் ஒத்துப்போனால்தான் ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ என்று எழுதித் தருவார்கள். பேச்சுத் தமிழில் ‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது. ஆய்வகத் தாளில் அதே சொல்லைப் படிப்பவருக்கு அது வேறு. ரியாக்டிவ் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறவில்லை என்பது சிறு குறையல்ல. ஆன்டிபாடிக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எதிர்ப்பொருள் என்றும் இணையக் கட்டுரைகளில் பிறபொருளெதிரி என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. எதிர்ப்பொருள் சுருக்கமானது, ஆனால் அது மருந்தோ நஞ்சோ என்று மயங்க இடம் தருகிறது.

ஆறு பெண்கள்

என்ன நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பால்வினை நோய்ச் சோதனை என்று மட்டுமே சொன்னதாக நிர்மலா பின்னாளில் பேட்டியில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். அன்றைய வழக்கம் அது. தொற்று தெரிந்த பெண்களை அந்தக் காரணத்துக்காகவே காப்பகத்தில் அடைத்து வைத்ததை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். ஓர் ஆய்வக முடிவு சிறைவாசம் ஆகிவிட்ட கதை, கண்டுபிடிப்பைப் பாராட்டும் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

நிர்மலா 1987இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, கிண்டி கிங் ஆய்வகத்தில் தடுப்பூசி உற்பத்திப் பணியில் சேர்ந்தார். 2010இல் ஓய்வு பெற்றார். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். தியாகராய நகரில் இயங்கிய அது பின்னர் அடையாறை அடுத்த தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்கு மாறியது. சோதனைக்கு முன் ஆலோசனை, சோதனைக்குப் பின் ஆலோசனை என்ற ஏற்பாடு அங்கே ஊசியைப் போலவே சோதனையின் ஒரு பகுதியாக இருந்தது. சுனிதி 2015இல் காலமானார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவரின் அறிந்த ஒப்புதல் இல்லாமல் எச்ஐவி சோதனை செய்யக்கூடாது.