வெள்ளைக் கொடிக் கப்பல் – 7: கீழ்த்தட்டில் கேட்ட ஒரு வெடி

இதுவரை: 1778 இறுதியில் தூலோன் துறையில் கடலில் இறங்கிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் ‘எரோ’. தளபதி சுஃப்ரேனைச் சுமந்துகொண்டு வங்கக் கடலுக்கு வந்த இக்கப்பல், 1782-இல் சதுரங்கப்பட்டினம், புரோவிடியன், நாகப்பட்டினம் ஆகிய மூன்று இடங்களில் ஆங்கில அட்மிரல் ஹியூஸுடன் மோதியது. மூன்றிலும் வெற்றி தோல்வி தீர்மானமாகவில்லை.

நாகப்பட்டினச் சண்டை முடிந்து கடலூருக்குத் திரும்பிய சுஃப்ரேனுக்கு ஹியூஸைவிடத் தன் கப்தான்கள் மீதுதான் கோபம் அதிகம். அன்றைய சண்டையில் ‘செவேர்’ கப்பலின் கப்தான் சில்லார் நிலைகுலைந்து கொடியை இறக்கிவிட்டார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. மீண்டும் கொடியை ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். மறுநாள் ஹியூஸ் ஆள் அனுப்பி, “சரணடைந்த கப்பலைக் கொடுங்கள்” என்று கேட்டார். சுஃப்ரேன் மறுத்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போர்போன் மன்னர்களின் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் கொடியே வெள்ளைதான். அது பறந்தால் போர் நடக்கிறது என்று பொருள், இறங்கினால் சரண்.

சில்லாரையும் வேறு சில கப்தான்களையும் சுஃப்ரேன் பதவியிலிருந்து நீக்கினார். கடலூரில் கப்பல் பழுதுபார்க்கும் துறை கிடையாது. சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரியவற்றில் நட்டார்கள். இதற்கிடையில் ஜூலை இறுதியில் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியைச் சந்தித்தார் சுஃப்ரேன். பெருத்த உடம்புக்காரர், சம்மணமிட்டு உட்கார முடியாமல் தவித்தார். ஹைதர் மெத்தைகளைக் கொண்டுவரச் சொல்லி, உங்களுக்கு எப்படி வசதியோ அப்படியே உட்காருங்கள் என்றாராம்.

ஆனால் காலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று எழும்பினால் சோழமண்டலக் கரையில் ஒரு கப்பலும் நிற்க முடியாது. கரை நெடுக ஒதுங்க இடமற்ற திறந்த கடல். கப்பற்படை முழுவதும் பத்திரமாக ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. அதை அந்த ஆண்டு ஜனவரியில்தான் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்திருந்தார்கள்.

ஹியூஸ் சென்னையில் நாட்களைக் கடத்திக்கொண்டிருக்க, சுஃப்ரேன் முந்திக்கொண்டார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் படைகளை இறக்கினார். 31-ஆம் தேதிக்குள் திருகோணமலைக் கோட்டையும் ஆஸ்டன்பர்க் கோட்டையும் அவர் கையில். செப்டம்பர் 2 மாலை ஹியூஸ் வந்து பார்த்தபோது கோட்டைகளின் மேல் வெள்ளைக் கொடி!

துறைமுகம் கிடைத்துவிட்டது, இனி எதற்குச் சண்டை என்றார்கள் சில கப்தான்கள். சுஃப்ரேன் கேட்டது ஒன்றே ஒன்று: எதிரிக்கு எத்தனை கப்பல்? பன்னிரண்டு என்று பதில் வந்தது. தன்னிடம் பதினான்கு. எண்ணிக்கையில் குறைந்த எதிரியைக் கண்டும் ஒதுங்கிப்போக அவருக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 3. ஹியூஸ் அவசரப்படாமல் தென்கிழக்காக விலகி விலகிப் போனார். அவர் கப்பல்களின் அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு. பாசி பிடிக்காது, வேகமும் குறையாது. பிரெஞ்சுக் கப்பல்களில் சிலவற்றுக்குத்தான் தகடு. ஒன்று முந்த, ஒன்று பிந்த, மதியம் தாண்டியும் வரிசை கூடவில்லை. கொடிச் சைகை மேல் சைகை பறந்தது. பலன் இல்லை. சுஃப்ரேனின் பொறுமை போயிற்று.

பிஸ்டல் குண்டு எட்டும் தூரத்தில் பாதி வரை நெருங்கிய பிறகே சுட வேண்டும் என்பது அவர் திட்டம். நெருங்கச் சொல்லும் சைகையை ஏற்றினார். எல்லோரும் கவனிக்கட்டும் என்று ஒரே ஒரு பீரங்கியை வெடிக்கச் சொன்னார்.

‘எரோ’வின் கீழ்த்தட்டில் பீரங்கிக்காரர்கள் குனிந்தபடி காத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 17 கிலோவுக்கு மேற்பட்ட குண்டைத் துப்பும் பீரங்கிகள். சைகைக் கொடி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேலே கேட்ட வெடி மட்டும் காதில் விழுந்தது. சண்டை தொடங்கிவிட்டது என்று நினைத்து ஒரு பக்கப் பீரங்கிகள் மொத்தத்தையும் முழக்கிவிட்டார்கள்!

தளபதியின் கப்பலே சுட்டுவிட்டது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இருந்த இடத்திலிருந்தே சுடத் தொடங்கினார்கள். திட்டமிட்ட நெருக்கம் ஒரே கணத்தில் பாழாயிற்று. முன்னணிக் கப்பல்கள் எங்கோ முன்னால் போய்விட்டன. பின்னணி பின்னாலேயே தங்கிவிட்டது. நடுவில், ஹியூஸின் ‘சூப்பர்ப்’ கப்பலுக்கு எதிரே, ‘எரோ’வும் ‘இல்லூஸ்திர்’, ‘அழாக்ஸ்’ இரண்டும் மட்டும்.

மற்றக் கப்பல்களை வரச் சொல்லிச் சுஃப்ரேன் சைகை காட்டினார். வருவார் இல்லை. ஆங்கிலேயக் குண்டுகள் ‘எரோ’வைச் சல்லடையாகத் துளைத்தன. கயிறுகள் அறுந்து தொங்கின. பாய்கள் கந்தலாயின. பொழுது சாயும் நேரம். அடிமரத்தில் அடிபட்ட பெரிய பாய்மரம் ஒருமுறை ஆடியது. பிறகு பெரும் ஓசையோடு கடல்பக்கம் சரிந்தது. அதன் உச்சியில் பறந்த கொடியும் அதனோடு போயிற்று.

புகைக்கு அப்பால் ஆங்கிலக் கப்பல்களில் ஒரு கணம் மௌனம். அடுத்த கணம் ஆரவாரம்! நாகப்பட்டினத்தில் நழுவிப்போன பரிசு இப்போது வட்டியோடு கிடைத்துவிட்டதென்று குதித்தார்கள். கொடி இல்லாத கப்பல் சரணடைந்த கப்பல். அதுவும் தளபதியின் கப்பல்!

சுஃப்ரேன் மேல்தட்டில் ஓடினார். தொண்டை கிழியக் கத்தினார். அவர் இட்ட கட்டளை, பக்கத்தில் நின்ற மாலுமிகளையே ஒரு கணம் திகைக்க வைத்தது…

(தொடரும்)