பிஸினஸ் பட்ட பாடு

காண்டன் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் ஒரு சின்னப் புத்தகம் விற்றது. விலை மிகவும் சொற்பம். அட்டையில் முக்கோணத் தொப்பியும் நீண்ட காலுறையும் கைத்தடியுமாக ஒரு வெள்ளைக்காரன் படம். தலைப்போ 'பேய்ப் பாஷை'! அங்கே வியாபாரம் செய்த ஹண்டர் என்னும் அமெரிக்கர் 1882-இல் வெளியிட்ட நினைவுகளில் இதை வர்ணித்திருக்கிறார். இங்கிலீஷ் வார்த்தைகளின் ஓசையைச் சீன எழுத்துக்களாலேயே எழுதிக் காட்டிய புத்தகம் அது. பட்லர்களும் கடைக்காரர்களும் அதை வைத்துக்கொண்டுதான் துரைமார்களுடன் பேசினார்கள்.

அவர்கள் வாயில் அகப்பட்டுக்கொண்ட வார்த்தைகளில் முக்கியமானது 'பிஸினஸ்'. அது 'பிட்ஜின்' ஆயிற்று என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உருவம் தேய்ந்தது, அர்த்தமோ பெருத்தது. வியாபாரம் பிட்ஜின். வேலை, கடமை, சொந்த விவகாரம் எல்லாமே பிட்ஜின். 'ஜாஸ்' என்றால் சாமி. போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். ஆகவே மதம் 'ஜாஸ் பிட்ஜின்', பாதிரியார் 'ஜாஸ் பிட்ஜின் மேன்'! கடவுள் காரியத்தையும் ஒரு தொழிலாகக் கண்ட அந்தச் சீனரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிரிக்கலாம். ஆனால் இந்தக் கொச்சைக்குப் பின்னால் ஒரு தலை உருண்டிருக்கிறது. 1757-இல் சியென்லுங் சக்கரவர்த்தி மேல்நாட்டு வர்த்தகத்தைக் காண்டனோடு நிறுத்தினார். 1759-இல் சீனம் தெரிந்த ஆங்கிலேயரான ஜேம்ஸ் பிளின்ட், வடக்கே டியன்ட்ஸின் வரை கப்பலில் போய்ச் சீன பாஷையில் ஒரு மனுவைக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது மக்காவோவில் மூன்று வருஷக் காவல். மனு எழுத உதவிய சீனருக்கோ சிரச்சேதம். அதற்குப் பிறகு வெளிநாட்டானுக்குச் சீனம் சொல்லித்தர எவன் துணிவான்? துரை சீனம் படிக்க முடியாது. சீனனுக்கு நல்ல இங்கிலீஷ் கற்பிப்பாரில்லை. நடுவில் பிறந்த குழந்தைதான் பிட்ஜின். தேயிலையும் பட்டும் மட்டுமா? அபினியும் அந்தப் பாஷையில்தான் கைமாறியது.

அதில் நம் பங்கும் உண்டு. சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் 'கேஷ்'. போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நம்முடைய காசுதான் அது!

1842-இல் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறந்தது. 1862-இல் டாங் கிங்-ஸிங் என்பவர் காண்டன்காரர்களுக்காகவே விரிவான இங்கிலீஷ் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். வெள்ளைக்காரரோ பிட்ஜினைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "அது என் பிட்ஜின் இல்லை" என்று லண்டனிலும் சொன்னார்கள். எழுதும்போது மட்டும், புறாவுக்கு எழுதும் எழுத்துக்களையே அதற்கும் போட்டு வைத்தார்கள்.