மீனாட்சிபுரமும் ஒரு அவசரச் சட்டமும்

இலஞ்சிக்காரர்களான நமக்கு மீனாட்சிபுரம் தூரத்து ஊரல்ல. 1981 பிப்ரவரியில் அங்கே நூற்றுக்கணக்கான தலித்துகள் சாதியை உதறி இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

2002 அக்டோபர் 5 அன்று, ஜெயலலிதா ஆட்சியில், கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டமாக வந்தது. முதலில் ஆளுநர் கையெழுத்து, பிறகுதான் சட்டமன்ற விவாதம். மதம் மாற்றியவருக்கு 3 ஆண்டுவரை சிறை. மாறியவர் பெண்ணோ, தலித்தோ, பழங்குடியோ என்றால் 4 ஆண்டுவரை. நமக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்பதுதானே இதன் பொருள்?

2004 மே மாதம், 39 மக்களவைத் தொகுதிகளிலும் தோற்றபின், இன்னொரு அவசரச் சட்டத்தால் அதை நீக்கினார்கள். நாம் மகிழ்ந்தோம். ஆனால் தோழர்களே, ஒரே பேனா பறிக்கவும் கொடுக்கவும் முடியுமென்றால், அதற்குப் பெயர் உரிமை அல்ல, சலுகை. அரசமைப்பின் 213-ஆம் பிரிவைப் படியுங்கள். அந்தப் பேனாவைக் கேள்வி கேளுங்கள்.